மனு பார்க்கும் நாள்

2012 ஆடி மாதம், ஒரு வாய்க்கால் தகராறில் என் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இடையில் ஓடும் அந்த வாய்க்கால் யாருக்குப் பாத்தியம் என்பது அப்பா காலத்திலிருந்தே தீராத வழக்கு. அன்று சாயங்காலம் வாய்ப்பேச்சு கைகலப்பானது. எதிர்த்தரப்பில் ஒருவருக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொலை முயற்சி என்று இந்திய தண்டனைச் சட்டம் 307-ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது. தம்பி அடித்தானா, அவன் கம்புதான் பட்டதா என்பதை நீதிமன்றம் நிதானமாக விசாரித்து, வருடங்கள் கழித்து அவனை விடுதலை செய்தது. நான் எழுத நினைப்பது அதற்கு வெகு முன்னால் நடந்தவற்றை. எந்தத் தீர்ப்பும் இல்லாமல் அவன் எங்கள் தாலுகா ஊரின் கிளைச் சிறையில் இருந்த வாரங்களை.

முதல் ராத்திரி அவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியவில்லை. ஸ்டேஷனில் கேட்டால், "விசாரணை நடக்கு, காலையில வாங்க" என்ற ஒரே பதில்தான். கைது செய்தால் வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருவர் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். நடுராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

"ஸ்டேஷன் வாசல்ல நின்னு பிரயோசனம் இல்லம்மா," என்றார் அவர். "ரிமாண்டுக்கு முன்னால கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மெடிக்கல் பாக்கக் கொண்டுவருவாங்க. அங்க போய் நில்லு. பையனுக்கு வலிப்பு இருக்குல்ல? அந்த மாத்திரைச் சீட்டைக் கையோட கொண்டு போ."

அந்தச் சீட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. தம்பிக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. தினமும் ராத்திரி மாத்திரை தவறக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும், விடாமல் தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. விடியும் முன் அவனைக் கொண்டுவந்தபோது பணியிலிருந்த டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் பரிசோதனைக் குறிப்பிலேயே அதை எழுதினார். பிறகு மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை என்றான் தம்பி. எங்கள் வக்கீல் வலிப்பு விஷயத்தைச் சொன்னதும், மருந்து தடையில்லாமல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே குறித்தார். வாயால் சொல்லும் எதுவும் மதிற்சுவரைத் தாண்டாது, காகிதத்தில் ஏறியது தாண்டும் என்பதை அன்று காலையிலேயே புரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர்க் கிளைச் சிறை கோர்ட்டுக்கும் கருவூலத்துக்கும் பக்கத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், தடித்த சுவர், வாசலில் ஒரு வேப்பமரம். அந்தத் தெருவில் பத்திரம் எழுதுகிறவர்கள், ஜெராக்ஸ் கடை, டீக்கடை எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் போகும்போது அதைக் கடந்துதான் போவோம், ஆனால் அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்ததே இல்லை.

உள்ளே இருப்பவரைப் பார்க்கப் போவதை மனு பார்ப்பது என்பார்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில்தான் அனுமதி. வருகிறவர் பெயர், விலாசம், கைதிக்கு என்ன உறவு, குற்ற எண், எந்த ஸ்டேஷன் என்று சீட்டு எழுதி, அடையாள அட்டை நகலோடு கொடுக்க வேண்டும். முதல் நாள் நான் சீட்டை வைத்துக்கொண்டு விழித்தபோது, பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி கேட்டாள்: "ஏளா, குற்ற எண் எழுதுனியா? அது இல்லாட்டி சீட்டைத் திருப்பிக் குடுத்துருவான்." அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாசலின் நடைமுறை முழுவதும் மனப்பாடம். அன்றிலிருந்து அவள் சீட்டை நான் எழுதுவேன், எனக்குத் தெரியாததை அவள் சொல்லுவாள்.

என்ன கொடுக்கலாம் என்பதையும் அவள்தான் சொன்னாள். விசாரணைக் கைதிகள் சொந்த உடுப்பு உடுத்தலாம். அதனால் கைலி, சட்டை, துண்டு கொண்டுபோனோம். சோப்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். வாழைப்பழம் உள்ளே போகும். அம்மா ஆக்கிய கருவாட்டுக் குழம்பு போகாது. தூக்குச்சட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்த அன்று அம்மா அழுத அழுகை, அவனைப் பிடித்துப்போன அன்றைய அழுகையைவிடப் பெரிது. மாத்திரையை நேரடியாக வாங்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் ரிமாண்ட் உத்தரவின் நகலையும் சேர்த்துச் சிறை அலுவலரிடம் மனுவாகக் கொடுத்தோம். அரசு டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகு, தினமும் ராத்திரி ஒரு வார்டர் கையிலிருந்து அவனுக்கு மாத்திரை கிடைத்தது. மனு பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து மாத்திரை போட்டியா?" என்பதுதான்.

சந்திப்பு என்பது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஒரே நேரத்தில் எல்லாக் குடும்பமும் பேசும். ஒருவர் சத்தத்தை மீறி இன்னொருவர் சத்தம். சில நிமிஷம்தான், வார்டர் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அம்மா முதல் தடவை வந்தபோது அவன் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள், அவனும் அழுதான், நேரம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதலில் உடம்பு, அடுத்து வழக்கு, அதற்கப்புறம் வீடு. அழுகை வந்தால் வேப்பமரத்தடியில் அழுதுகொள்வது.

இரண்டாவது வாரத்தில் நடந்த ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. சொந்தக்காரர் ஒருவர் எங்களோடு வந்தார். பாசமுள்ள மனுஷன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாத மாப்ள, வெள்ளிக்கிழமை வெளிய வந்துருவ, எல்லாம் பேசியாச்சு" என்று சொன்னார். யாரிடமும் எதுவும் பேசியிருக்கவில்லை. தைரியம் கொடுப்பதாக நினைத்துச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை தம்பி விடியும் முன்னே குளித்து, கைலியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். மதியச் சாப்பாடு வாங்கவில்லை. சாயங்காலம் எண்ணி உள்ளே அடைக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறான். அன்று ராத்திரி மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த மனுவுக்குப் போனபோது முகம் வாடிப்போயிருந்தது. "ஏக்கா," என்றான், "இனிமே யாரும் ஆறுதலுக்காகத் தேதி சொல்லக் கூடாது. தெரிஞ்சா தெரியும்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன். நீங்க சொல்லுதது பொய்னு தெரிஞ்சா அப்புறம் நான் யாரை நம்பி உள்ள இருக்கது?"

உள்ளே இருப்பவனுக்கு நேரம் தெரியும், கிழமை தெரியும், தன் விஷயம் மட்டும் தெரியாது. எந்தக் கோர்ட்டில் எந்த மனு இருக்கிறது, எப்போது விசாரணைக்கு வரும், ஏன் தள்ளிப்போனது என்று ஒன்றும் தெரியாது. அவனைப் பற்றிய எல்லா முடிவும் அவன் இல்லாத இடத்தில் நடக்கிறது. வதந்திதான் அங்கே மலிவாகக் கிடைக்கும். புதிதாக வந்தவனிடம் பழைய ஆட்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள், அவன் ராத்திரி முழுக்க அதை வைத்துக் குழம்புவான். வீட்டிலிருந்து போகிற செய்தியும் அந்த வதந்தியோடு சேர்ந்துவிட்டால், அவன் காலூன்ற இடமே இல்லை.

அன்றிலிருந்து நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். வக்கீலிடம் போகும்போது அவர் சொல்வதை அதில் எழுதுவேன். என்ன நடந்தது, அடுத்து என்ன, எந்தத் தேதி, அந்தத் தேதி உறுதியா இல்லையா. மனு நாளில் அதைப் பார்த்துத்தான் பேசுவேன். இடைப்பட்ட நாள்களுக்கு அஞ்சலட்டை. அப்போது 50 காசு. சிறை அலுவலர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார், அதனால் மறைக்க வேண்டியது எதையும் எழுதுவதில்லை. "ஜாமீன் மனு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வருகிறது. அன்றே உத்தரவு வரலாம், தள்ளியும் போகலாம். வெள்ளைப் பசு சினையாக இருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாள்." இவ்வளவுதான். அந்த அட்டைகளை அவன் தலைமாட்டில் வைத்திருந்தான் என்றும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பையனுக்கு அதைக் கொண்டே வாசிக்கப் பழக்கினான் என்றும் பின்னால் தெரிந்தது.

வக்கீல் எங்களுக்கு ஒரு கணக்கு சொன்னார். ரிமாண்ட் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் போட முடியாது, ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் நீட்டிக்க வேண்டும். இந்த மாதிரிப் பெரிய பிரிவில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவனுடைய உரிமை. சின்னப் பிரிவுகளுக்கு 60 நாள். நான் இதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன். வீட்டில் எல்லோரும் பயந்தார்கள், "தொண்ணூறுன்னு கேட்டா மனசு விட்டுருவானே" என்று. அவனோ, "அப்போ ஒரு எல்லை இருக்கு" என்றான். அந்தச் சொல்லில் இருந்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்தேன்.

நீட்டிப்புக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் வாய்தா நாள்களையும் நோட்டில் குறித்துவைத்தோம். கோர்ட் வராந்தாவில் எஸ்கார்ட் போலீஸ் நல்ல மனுஷராக இருந்தால் கம்பி வலை இல்லாமல் நாலு வார்த்தை பேசலாம். தம்பி மகளுக்கு அப்போது ஆறு வயது. அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். பிள்ளை வீட்டுக்கு வந்து யாரையும் எதுவும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. தம்பியிடம் சொன்னேன். "கூட்டிட்டு வாக்கா. எங்கிட்ட கேட்டுக்கிடட்டும்" என்றான். அடுத்த வாய்தாவுக்கு அவளைக் கொண்டுபோனோம். அவள் அவன் மடியில் ஏறி, ராத்திரி யார் பக்கத்தில் படுப்பீர்கள், விளக்கு எரியுமா, கொசு கடிக்குமா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் உள்ளதைச் சொன்னான். விளக்கு விடிய விடிய எரியும், கொசு உண்டு, பக்கத்தில் ஒரு டிரைவர் மாமா படுப்பார், குறட்டை விடுவார். திரும்பி வரும்போது பிள்ளை பஸ்ஸில் தூங்கிவிட்டாள். கைதான நாளிலிருந்து அவள் அப்படி அயர்ந்து தூங்கியதில்லை என்று அவள் அம்மா சொன்னாள்.

செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் மனு தள்ளுபடியானது. அந்தச் செய்தியை நான்தான் கொண்டுபோனேன். கம்பி வலைக்கு அப்பால் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அடுத்து?" என்றான். "மதுரை ஹைகோர்ட் கிளை. மனு தாக்கல் பண்ணியாச்சு, நம்பர் ஆயிருக்கு. எப்ப பட்டியல்ல வரும்னு வக்கீலுக்கே உறுதியாத் தெரியல." சரி என்று தலையாட்டினான். அன்று ராத்திரி அவன் ஒழுங்காகச் சாப்பிட்டதாக வார்டர் அடுத்த முறை சொன்னார். கெட்ட செய்தி ஆளைச் சாய்க்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்னால் தென் மாவட்டத்துக்காரர்கள் இப்படி ஒரு மனுவுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மதுரையில் ஜாமீன் கிடைத்தது என்று வக்கீல் போன் செய்ததும் வீட்டில் எல்லோரும் அன்றே அவன் வந்துவிடுவான் என்று கிளம்பினார்கள். நான் குமாஸ்தாச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் வரிசையாகச் சொன்னார். உத்தரவு நகல் வர வேண்டும். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் சேர்த்து இங்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால் ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். சாயங்காலம் அடைப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு, இல்லாவிட்டால் மறுநாள்.

இந்த இடத்தில்தான் ஏழைகள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களை அந்த வாசலில் பார்த்தேன். மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு இதுதான். மத்தியப் பிரதேசத்தில் அவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். உடன்பிறந்தவர் ஜாமீனுக்கு நின்றும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக்குத் தாங்காத தொகை ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்று கண்டித்து, அவரை 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும், பாட்டியின் பேரனுக்கு ஜாமீன்தாரர் தேடி நாங்கள் அலைந்தோம்.

பாட்டிக்கு வக்கீலும் இல்லை. சைக்கிள் திருட்டு வழக்கு, கேட்க நாதியில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருந்தது. பாட்டி அத்தனை நாளும் அதன் முன்னால்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போய் மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு இளம் வக்கீலை நியமித்தார்கள். அவர் சிறைக்குள் போய் வக்காலத்தில் பையனின் கையெழுத்து வாங்கி, சிறை அலுவலரின் சான்றோடு கொண்டுவந்தார். என் தம்பிக்கு முன்னாலேயே அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான். அன்று பாட்டி என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தாள்.

தம்பி வெளியே வந்த பிறகும் முழுதாக எங்கள் கைக்கு வரவில்லை. வேறு ஊரில் தங்கி, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. பஸ் தவறினால் ஜாமீன் ரத்தாகலாம். அந்த நாள்களில் அவன் யாரோடும் பேசவில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து திறந்துவிடுவான். விளக்கை அணைத்தால் தூக்கம் வரவில்லை என்றான். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மெல்ல மெல்ல அவனாகப் பேசினான். "நீ வர்ற நாள்னு தெரிஞ்சா அதுக்கு முந்தின நாளே எனக்குப் பலம் வந்துரும்க்கா" என்று ஒரு நாள் சொன்னான்.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள். அத்தனை பேருக்கும் வெளியில் ஒரு அம்மாவோ மனைவியோ அக்காவோ சீட்டு எழுதிக்கொண்டு நிற்கிறாள், அல்லது பஸ் காசு இல்லாமல் வராமலிருக்கிறாள்.

எங்கள் ஊரில் யார் வீட்டு ஆள் உள்ளே போனாலும் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020-இல் கொரோனாவால் நேர் சந்திப்பு நின்றபோது சிறைகளில் வீடியோ அழைப்பு வந்தது. இப்போது சந்திப்புக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண் இருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகலை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 60 நாள், 90 நாள் உரிமை அப்படியே இருக்கிறது.

வருகிறவர்களிடம் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். முதல் ராத்திரியே மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள், குற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஒரு நோட்டு போடுங்கள் என்கிறேன். அவர்கள் பெரும்பாலும் கேட்பது, "உள்ள போய் என்ன சொல்லித் தேத்துறது?" என்றுதான். தேற்ற வேண்டாம். வக்கீலைப் பார்த்து, வழக்கு எங்கே நிற்கிறது, அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டு போங்கள். அதை அப்படியே சொல்லுங்கள். மறுபடி நீங்கள் வரும் நாள் எது என்றும் சொல்லுங்கள், சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.